பதிவுக்கு முன் நடந்த கல்யாணம்

சட்டம் படித்த காலத்தில் நூலகத்தில் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வழக்கறிஞர் ஒருவரின் வாழ்க்கை. சின்ன ஊரில் வழக்காடி, பிறகு அரசுப் பதவிக்குப் போய், ஒரே கையெழுத்தில் பலரைக் கரையேற்றினாராம். நானும் அப்படித்தான் வரப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். என்ன திமிர் பாருங்கள்!

மலேசியாவில், கிள்ளானில் இருபத்தைந்து வருடம் வழக்காடிவிட்டு நகராண்மைக் கழக உறுப்பினரானேன். சாக்கடை மூடி, தெருவிளக்கு, என் அதிகாரம் அவ்வளவுதான். அப்போதுதான் பக்கத்து ஊரான தெலுக் பங்லிமா காராங்கில் லோரி ஓட்டும் ஒருவர் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள், குடியுரிமை இல்லை. அப்பா இந்த நாட்டுக்காரர், அம்மா தமிழ்நாடு. கோயிலில் தாலி கட்டியவர்கள், அவள் பிறந்த பிறகுதான் கல்யாணத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் சட்டப்படி அவள் அம்மாவின் நாட்டுக்காரி. இருபத்தொரு வயது தாண்டுவதற்குள் அரசாங்கம் மனம் வைத்தால்தான் உண்டு.

அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை ஒரு விபத்து வழக்கில் என் கட்சிக்காரர். பதிவுக்கு வேண்டிய, பெண்ணின் தூதரகக் கடிதம் வரத் தாமதமானது. "முகூர்த்தம் தள்ளிப்போகுது பாஸ், என்ன செய்றது?" என்று கேட்டார்.

"கோயில்ல முடிச்சிடுங்க லா. ரெஜிஸ்டர் அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். பந்தியில் இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மனு எழுதினேன். அலுவலகம் அலுவலகமாக நடந்தேன். எல்லாரும் மரியாதையாகக் காத்திருக்கச் சொன்னார்கள். போன மாதம் கடிதம் வந்தது, இரண்டே வரி. நிராகரித்துவிட்டார்கள். அதற்குள் அவளுக்கு வயது தாண்டிப் பதினோரு நாள். இத்தனை வருடச் சட்டத்தையும் பதவியையும் வைத்துக்கொண்டு எனக்குச் செய்ய ஒன்றுமில்லை.

என் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் கடையில் மூவரும் உட்கார்ந்தோம். மகள் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"அங்கிள், அப்பா அம்மா கல்யாணத்துக்கு அவ்வளவு பேரு வந்தாங்களாம். மொதல்ல ரெஜிஸ்டர் பண்ணுங்கன்னு சொல்ல ஒருத்தருக்குக்கூடவா தெரியல?"

அவள் அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"அப்போ யாரும்மா இதெல்லாம் யோசிச்சா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, டீயை என் பக்கம் நகர்த்தினார். "குடிங்க பாஸ், ஆறிடும்."

குடித்தேன்.