வானுக்குத் தகரக் கூரை

போன கிழமை என் அயலவர் கனகசபைக்கு வேலை போகப் பார்த்தது. எதனால் தெரியுமா? ஊர்ச்சனம் கூடி நின்று அவரைப் புகழ்ந்ததால்!

தண்ணீர் பம்ப் விற்கும் ஒரு கொழும்புக் கம்பனியின் ஆள் கனகசபை. கிளிநொச்சிப் பக்கம் கம்பனிக்குக் கந்தோரோ கிளையோ கிடையாது. ஆகவே அவர் ஓட்டும் கம்பனி வான் உருத்திரபுரத்தில் அவர் வீட்டு வளவில்தான் நிற்கும். இன்சூரன்ஸ்காரர் இதற்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள் — இரவில் வான் கூரைக்குக் கீழே நிற்க வேண்டும். வெளியே நின்று ஏதாவது நடந்தால் அவர்கள் பொறுப்பில்லை.

கம்பனி உடனே தகரம் அனுப்பியது. வானுக்கு! கனகசபையின் வீட்டுக்கு ஓலைக் கிடுகுதான். மழை பெய்தால் அவர் மனைவி ஒழுக்குக்குச் சட்டி வைப்பார். வான் சொகுசாக நனையாமல் நிற்கும். எங்கள் குடியேற்றத்தில் ஒழுகாத கூரை அது ஒன்றுதான். அடுத்த பிறவியில் வானாகப் பிறக்கும்படி அவரை நான் சீண்டுவதுண்டு.

சூடு அடித்து நெல்லைக் குவித்திருந்த நேரம் பார்த்து வானம் கறுத்தது. மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது? தகரக் கூரைக்குத்தான்! கனகசபை யோசிக்கவே இல்லை. வானை வெளியே எடுத்து வேப்பமரத்தடியில் விட்டார். நெல் உள்ளே போனது... என் நெல்லும்தான். அன்றிரவு அடித்த காற்றில் வேப்பங்கொப்பு முறிந்து வானின் தலையில் விழுந்தது.

இன்சூரன்ஸ் கை விரித்தால் கம்பனி அவரை வீட்டுக்கு அனுப்பிவிடும். மனிதர் சோறு தண்ணீர் இல்லாமல் இருந்தார். நான்கு பிள்ளைகள், வேறு வருமானம் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து இன்சூரன்ஸ் இன்ஸ்பெக்டர் காரில் வந்து இறங்கினார். நெளிந்த வானைச் சுற்றிப் பார்த்தார். பேனையைத் திறந்தார்.

“கொப்பு விழேக்கை வான் எங்கை நிண்டது?”

கனகசபை வாயைத் திறக்குமுன் எதிர்க் காணிச் செல்லம்மாக்கா முந்திவிட்டார். நல்ல மனம், அதைவிடப் பெரிய குரல்.

“ஐயா, இப்பிடி ஒரு மனுசனை எங்கையும் காணேலாது! எங்கட நெல்லு நனையக்கூடாதெண்டு வானை மழைக்கை விட்டவர்!”

நான் கண்ணைக் காட்டினேன். இருமினேன்.

“மாஸ்டருக்குத் தடிமன் போல. மல்லி அவிச்சுக் குடியுங்கோ” என்றார் அக்கா, என்னைப் பார்த்து.

பின்னால் நின்ற இன்னொருவரும் சும்மா இருக்கவில்லை. “என்ரை மகளைப் பிள்ளைப்பெறுவுக்கு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனதும் உந்த வான்தான் ஐயா!”

இன்ஸ்பெக்டரின் பேனை பறந்தது. எங்கள் ஊரில் ஒருவருக்கு உதவி செய்வதென்றால் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வதுதான். ஒவ்வொரு நல்ல வார்த்தைக்கும் கனகசபையின் முகம் ஒரு படி கறுத்தது.

“உண்மையோ?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஓம் ஐயா. வெளியிலதான் விட்டனான்.”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இதற்கிடையில் செல்லம்மாக்கா இளநீரோடு காரடிக்குப் போய், உள்ளே இருந்த ஒரு பெண்மணியோடு கதைத்துவிட்டுத் திரும்பினார். முகமெல்லாம் மலர்ச்சி.

“ஐயாவும் எங்கட கனகசபையண்ணை மாதிரித்தான்! கொம்பனிக் காராம், ஐயான்ரை வீட்டிலதான் நிக்குமாம். மனிசியையும் ஏத்திக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் பொங்கப் போறாராம். புதுப் பானையும் பின் சீற்றிலை இருக்கு. எவ்வளவு நல்ல மனம்!”

பேனை நின்றது.

இன்ஸ்பெக்டர் காரைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். பிறகு தகரக் கொட்டிலை வெகுநேரம் பார்த்தார்.

“கொட்டில் இருக்குத்தானே?”

“இருக்கு ஐயா.”

“கூரை ஒழுகாதே?”

“ஒரு சொட்டும் ஒழுகாது” என்றேன் நான். என் நெல்லே அதற்குச் சாட்சி!

எழுதிய தாளைக் கிழித்தார். புதுத் தாளில் இரண்டே வரி எழுதினார். வானுக்குத் தரமான கொட்டில் உண்டு. காற்றில் கொப்பு விழுந்து சேதம். இரண்டும் உண்மைதானே? வான் எங்கே நின்றது என்று இந்தமுறை அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

நேற்று இன்சூரன்ஸ் பணத்துக்கு அனுமதி வந்துவிட்டது. கனகசபை வயிறாரச் சாப்பிட்டார்.

விபத்துக்கு இன்சூரன்ஸ் உண்டு, நெருப்புக்கு உண்டு, களவுக்கும் உண்டு. அயலவரின் புகழ்ச்சிக்கு மட்டும் எந்தக் கம்பனியும் பொறுப்பெடுப்பதாகத் தெரியவில்லை.

செல்லம்மாக்கா இப்போது நான் எழுதும் இந்தப் பத்தியைப் புகழத் தொடங்கியிருக்கிறார்... எனக்குத்தான் பயமாக இருக்கிறது!