அக்கா எடுத்த கடற்கரைப் படம்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. நினைவு மலருக்காக அவரைப் பற்றி எழுதும்படி அவர் மகன் கேட்டபோது பல நாள் தள்ளிப்போட்டேன். அக்காவை நினைத்தால் அவர் பட்ட அசதியும் கூடவே வந்து என் மேல் ஏறிக்கொள்கிறது.

மோகனூருக்கு அருகே, கரும்பு விளையும் காட்டில் பிறந்தார். எட்டாவதோடு படிப்பு நின்றது. நாமக்கல்லில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த மச்சானுக்கு மணம் முடித்துவைத்தார்கள். மச்சான் கலியாணம், காதுகுத்து என்று வெளியே போவார். எடுத்து வந்த பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போடுவது அக்காவின் பாடு. தகரக் கூரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத இருட்டறை. மருந்து நெடியில் இருமிக்கொண்டே நிற்பார். வெளியே வந்ததும் அடுப்பைப் பற்றவைப்பார். இரண்டு பிள்ளைகளையும் அதற்கிடையில்தான் வளர்த்தார்.

மச்சானுக்குக் கடல் என்றால் உயிர். ஆண்டுக்கொரு முறை நாகப்பட்டினம் பக்கம் போய்க் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து வருவார். கடலையே பார்த்திராத அக்கா, நெகட்டிவில் கறுப்பாகவும் பிரிண்டில் வெள்ளையாகவும் தெரியும் அலைநுரையை மட்டும் பார்த்திருந்தார்.

ஒரு சித்திரையில் மச்சான் அப்படி வந்திறங்கினார். காலண்டர் அச்சடிக்கும் சேலத்துக்காரர் ஒருவர் அன்றே வந்து படம் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லியிருந்தார். உச்சிவெயில். தொட்டித் தண்ணீர் சுட்டது. கரண்ட் இல்லாததால் அதைக் குளிரவைக்க ஐஸ் கட்டியும் கிடைக்கவில்லை.

"ஏனுங்க, இந்தச் சூட்டுல ஆகாதுங்க. பொழுது எறங்கட்டும்" என்றார் அக்கா.

"அவரு வந்து உக்காந்துக்குவாரு. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கழுவு புள்ள."

கழுவினார். பிலிம் மேலிருந்த பூச்சு இளகி, பாலாடைபோலச் சுருண்டு விரலோடு வந்துவிட்டது. ஒரு படமும் மிஞ்சவில்லை.

"எல்லாம் இவ பண்ணுன வேலைங்க" என்று மச்சான் சேலத்துக்காரரிடம் சொன்னார். சேலத்துக்காரர் போன பிறகுதான் அக்கா சொன்னார்:

"நாஞ் சொன்னனுங்க. நீங்க கேக்கலீங்க."

"அப்ப நீயே போயி எடுத்துட்டு வா!"

கோபத்தில் வந்த சொல். அக்கா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளை எங்கள் அம்மாவிடம் விட்டு, கேமராவோடு என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

கடலைக் கண்டதும் மணலில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழவில்லை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல சாமி. சித்த உக்காந்துக்கறேன். இங்க யாரும் என்னையக் கூப்புட மாட்டாங்க."

பிறகு, கருவாடு காயப்போட்டுவிட்டுக் கூடைமேல் தலைசாய்த்துக் கிடந்த மீனவப் பெண்களிடம் போய்ப் பேசினார். அவர்களைத்தான் படமெடுத்தார். ஊர் திரும்பி, மண்பானைத் தண்ணீரில் மருந்து கலந்து, வெயில் ஏறுவதற்கு முன் கழுவினார். ஒன்றும் பழுதாகவில்லை.

மறுபடி வந்த சேலத்துக்காரர் புரட்டிப் பார்த்தார். "காலண்டருக்குப் பொழுது உதிக்கற படந்தாங்க ஆகும். கருவாட்ட எவன் செவுத்துல மாட்டுவான்?" என்று போய்விட்டார். மச்சான் மட்டும் ஒரு படத்தைக் கீழே வைக்கவில்லை. "நல்லாத்தான் எடுத்திருக்கற" என்றார். அதைப் பெரிதாக்கி ஸ்டுடியோ முகப்பில் மாட்டினார். அதன்பின் அக்கா வேண்டாம் என்ற நேரத்தில் பிலிம் கழுவச் சொன்னதில்லை.

மச்சானுக்குப் பக்கவாதம் வந்ததும் கேமராவும் அக்காவின் தோளுக்கு வந்தது. "பொம்பளையா போட்டோ புடிக்கறது?" என்று கலியாண வீடுகளில் சிரித்தார்கள். அக்கா நின்று எடுத்தார். வீடு திரும்பி மச்சானைக் குளிப்பாட்டிச் சோறூட்டினார். கலர் படம் வந்து இருட்டறை வேலை குறைந்தபோது, இனி ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தோம். அதற்குள் இருமல் முற்றிவிட்டது. கடைசி நாட்களில், "வலிக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"வலி இல்ல சாமி. அலுப்பு."

அந்நாட்களில் மச்சானுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், ஆஸ்பத்திரியில் அக்காவின் தலைமாட்டில் இருந்து பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கும், தோள் கொடுத்த உற்றார் உறவினருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

எதிர்க்கடைப் போட்டோக்காரருக்கும் நன்றி சொல்ல வேண்டும். இந்த மலரின் அட்டைக்குத் தேடியபோது, அக்கா தனியாக இருக்கும் படம் ஸ்டுடியோவில் ஒன்றுகூட இல்லை. என் கலியாணத்தில் எல்லோரும் சேர்ந்து நின்ற படத்திலிருந்து அக்காவின் முகத்தை மட்டும் பெரிதாக்கித் தந்தவர் அவர்தான். அதை மச்சான் மடியில் வைத்தோம்.

"ஊரையெல்லாம் எடுத்தனே... இவள எடுக்கலியே" என்றார், நாக்குக் குழற. பிறகு படத்தைத் திருப்பித் தரவே மாட்டேன் என்றுவிட்டார். அச்சுக்கு இன்னொரு பிரிண்ட் போட்டு வாங்கினோம்.