அக்கா பாட்டின் இரண்டு பதிப்புகள்

பாட்டு வெளியே போவதற்கு முன் கடைசியாக ஒலி அளவைச் சீர்செய்து அனுப்புவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரே அறை, ஒரே நாற்காலி. தொழிலில் அவருக்குச் 'சத்தக்காரர்' என்று பெயர். பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. அடுத்தவன் பாட்டைவிடத் தன் பாட்டு ஓங்கிக் கேட்கவேண்டும் என்று வருகிறவர்களுக்கெல்லாம், மெல்லிய இடங்களைத் தூக்கி, ஓங்கிய இடங்களைத் தட்டி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் நிறுத்திக் கொடுப்பார்.

அக்கா பாடி வெளிவந்த ஒரே பாட்டும் அவர் கைக்குத்தான் வந்தது. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் அவள் குரலைத் தாழ்த்தி, வெறும் மூச்சாகவே முனகுவாள். பிறகு திடீரென்று எழும்புவாள்.

"காருல கேட்டா அந்த இடம் காதுலயே விழல சார், ஏத்திடுங்க" என்றார் தயாரிப்பாளர்.

முடியாது என்று சொல்ல இவருக்கு வாய் இல்லாமலா போயிற்று? ஏற்றினார். முனகலும் எழுச்சியும் ஒரே உயரத்தில் நின்றன. பாட்டு வந்த அன்று, "ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் கத்துறேனாடா நான்?" என்று அக்கா கேட்டாள். அதோடு சரி, ஒன்பது வருடம் பேச்சில்லை. கூடப் பிறந்தவள் என்று அவருக்கு இருந்தது அவள் ஒருத்திதான்.

போன மாதம் அதே பாட்டை, ஊசி வைத்துச் சுழற்றிக் கேட்கும் பழைய மாதிரி இசைத்தட்டாகப் போட்டார்கள். தட்டில் பள்ளம் வெட்டிப் பாட்டைப் பதிக்கிறவர் இவர் கொடுத்ததைத் திருப்பி அனுப்பிவிட்டார். "இப்படிப் பிழிஞ்சு கொடுத்தா தட்டு தாங்காதுங்க. பிழியாதது இருந்தா கொடுங்க." பழைய பதிவைத் தேடியெடுத்துக் கைவைக்காமல் கொடுத்தார்.

தட்டில் முனகல் முனகலாகவே கேட்டது. கேட்டவர்கள் எல்லாரும், முதலில் வந்த பதிப்பைக் கெடுத்தது டிஜிட்டல்தான் என்று வைதார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மெல்லிய ஒலிக்கும் ஓங்கிய ஒலிக்கும் நடுவே தட்டு தாங்கும் தூரம் எழுபது டெசிபல் இருந்தாலே அதிகம். அதற்கும் கீழே ஊசி உரசுகிற இரைச்சல்தான். டிஜிட்டலில் தொண்ணூறுக்கும் மேல் இடம் உண்டு. அவ்வளவு பெரிய வீட்டில் எல்லாரையும் ஒரே மூலையில் நெருக்கி நிறுத்தியது இவர்தான்.

தட்டு கிடைத்ததும் அக்கா கூப்பிட்டனுப்பினாள். போய் உட்கார்ந்தார். பாட்டு முடிந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"இத்தனை வருஷம் பார்க்கிறவங்ககிட்டெல்லாம் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனேடா. அந்த டிஜிட்டல் பண்ண வேலைக்கு நீ என்ன செய்வே?"

உண்மை நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் இந்த வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது.

"ஆமாக்கா" என்றார். "அதுல மெல்லிசா எதுவும் நிக்காது."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது தெரியாம, வெளியில உன்னைத் திட்டிக்கிட்டு, உள்ளுக்குள்ள என் தொண்டையே அவ்வளவுதான்னு பாடறதையே விட்டுட்டேன் பாரு."