படகுக்காரர்களுக்கு ஓர் இடம்

நகராட்சி ஒன்றில் திட்ட அலுவலராக இருந்தபோது நான் ஒரு பொய் எழுதினேன். நரிக்குறவர்களுக்கு இடம் ஒதுக்கும் கோப்பில், அவர்களைப் போய்ப் பார்க்காமலே, ‘நேரில் கேட்டேன், விருப்பமில்லை என்றார்கள்’ என்று கையெழுத்திட்டேன். அவர்கள் பேருந்து நிலையத்து ஓரத்திலேயே மழையில் நனைந்து கிடந்தார்கள்.

இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆலோசகராக, பர்மாவின் யாங்கூனில், க்யிம்யிண்டைங் படகுத்துறையில் நிற்கிறேன். எதிரே, மண்பானை விற்றுக்கொண்டு படகிலேயே குடியிருக்கும் குடும்பங்கள். மழைக்காலத்துக்கு அவர்களைத் தங்கவைக்கும் இடத்தின் வரைபடத்தை, வார்டு எழுத்தரான பர்மியத் தமிழர் கோ செல்வம் பெருமையோடு விரித்துக் காட்டுகிறார். இடம் ஆற்றைவிட்டு வெகுதூரத்தில், சந்தைக்குப் பின்னால் இருக்கிறது.

“அவங்களக் கேட்டீங்களா?”

“எங்கய்யா நேரம்? கேட்டதா எழுதிட்டேன்.”

நான் எழுதிய பொய்யை அவரிடம் சொல்கிறேன். அவர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு என்னை ஒரு படகுக்கு அழைத்துப் போகிறார்.

பானைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் டோ மியா என்ற பெண்மணி, வரைபடத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார். அவர் பர்மிய மொழியில் சொன்னதைச் செல்வம் எனக்குத் தமிழில் சொல்கிறார்: “நாங்க அங்க போய்த் தூங்கினா, பானைக்குக் காவல் இந்தப் பெரியவரான்னு உங்களக் காட்டிக் கேக்குறாங்க. படகு கட்ட நாலு கம்பம், ஒரு தண்ணிக் குழாய், அது போதுமாம்.”

பென்சிலை வாங்கிக் கரையோரம் ஒரு கட்டம் போடுகிறேன். டோ மியா என் கையைப் பிடித்து, கட்டத்தை இன்னும் தண்ணீர்ப் பக்கம் தள்ளிப் போடவைக்கிறார். நரிக்குறவர்களுக்கு நான் செய்ததற்கு இது ஈடாகாது.

மூன்றாம் நாள் மறுபடி வருகிறேன். குழாய்க்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாம். கம்பங்களைப் பற்றி மேலிடம் இன்னும் யோசிக்கிறதாம். டோ மியா யோசிக்கவில்லை. நாங்கள் கட்டம் போட்ட இடத்தில் மூங்கிலை ஊன்றிப் படகைக் கட்டிவிட்டார்.