கீழே போக வேண்டிய கேக்

போன சனிக்கிழமை காலை, எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் அடுக்ககத்தில் ஒரு கல்யாண கேக் லிஃப்டில் மாட்டிக்கொண்டது.

கூடவே பர்வீனும். மூன்றாம் மாடி. வீட்டிலேயே கேக் செய்து விற்கும் பெண். கல்யாணத்துக்கென்று மூன்றடுக்கு கேக் செய்வது இதுதான் முதல் முறை. ஆர்டர் கொடுத்தவர் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தாஸ். அன்றைக்குத் தாம்பரம் சர்ச்சில் அவர் மகளுக்குக் கல்யாணம். கேக்கை ரிசப்ஷன் ஹாலில் சேர்த்துவிட்டு சர்ச்சுக்கு ஓட வேண்டும் என்று, கோட்டு சூட்டோடு கீழே காத்திருந்தார் மனிதர்.

கரண்ட் போனது.

போனால் என்ன? இதற்கென்றே லிஃப்டுக்குத் தனி பேட்டரி உண்டு. பக்கத்துத் தளத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும். ஏன் திறக்கவில்லை?

"அது... ஆண்டு விழா மைக்குக்காகக் கழட்டினோம் சார். திரும்ப மாட்டல" என்றார் தாஸ்.

ஆஹா! பேட்டரியில் ரசாயனமாக இருந்த ஆற்றல், மின்சாரமாகி, தாஸின் நீண்ட உரையாகி, எங்கள் காதில் சூடாக முடிந்திருக்கிறது. ஆற்றல் அழிவதில்லை என்று பள்ளியில் சொல்லித்தருகிறார்கள். போனது திரும்ப வராது என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

பர்வீனுக்கு போன் போட்டேன்.

"அங்கிள், ஃபேன் நின்னுடுச்சு. க்ரீம் வேர்க்க ஆரம்பிச்சிருக்கு."

"நீ எப்படிம்மா இருக்கே?"

"நான் வேர்த்தா தொடச்சுக்கலாம். இது வேர்த்தா பூவெல்லாம் வழிஞ்சுடும்."

மனித உடம்பும் ஓர் அடுப்புதான். காலையில் தின்ற இட்லி சூடாக வெளியேறிக்கொண்டே இருக்கும். பர்வீன் பெட்டியை மூடி, துப்பட்டாவால் போர்த்திவிட்டு, எதிர் மூலையில் போய் ஒட்டிக்கொண்டு நின்றாளாம். குளிர்ந்த கேக்கைச் சூடு அண்டாமல் காப்பாற்ற, பெரிய எஞ்சினியர்கூட வேறென்ன செய்துவிட முடியும்?

மெக்கானிக் வேளச்சேரி ரோட்டு டிராஃபிக்கில் இருந்தார். நான் வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்டுகளைச் சோதித்தவன். முறைப்படி மெயினை அணைத்தேன். எல்லாத் தளத்திலும் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். மொட்டை மாடி மெஷின் அறைக்கு ஏறினேன். (பழகாதவர்கள் இதில் கை வைக்கவே கூடாது!)

பின்னாலேயே வந்த தாஸ் கெஞ்சினார். "மெதுவா எறக்குங்க சார். கேக்கு!"

"எறங்காது. ஏறும்."

"கரண்ட்டே இல்ல... எப்படி சார் ஏறும்?"

லிஃப்ட் கயிற்றின் மறுமுனையில் ஓர் எடைக்கட்டு தொங்குகிறது. ஒரே ஒரு ஆள் நிற்கும் கூண்டைவிட அது கனம். பர்வீன் கீழே இறங்கும்போது மோட்டார் அந்தக் கட்டைத்தான் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. செலவான மின்சாரம் எங்கேயும் போகவில்லை — பெரும்பகுதி அந்த உயரத்தில் சேமிப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது!

பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். கட்டு இறங்கியது. கூண்டு, பூனை நடப்பதுபோல் சத்தமில்லாமல் ஏறியது. இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு இன்னும் அலுக்காத காட்சி.

"அங்கிள், மேல போறேன்! நான் கீழ போகணும்!" — போனில் பர்வீன்.

மூன்றாம் மாடியிலேயே கூண்டை நிறுத்தி, இறங்கி வந்து கதவைத் திறந்தேன். இரண்டு ரோஜாக்கள் சரிந்திருந்தன. ஸ்பூனால் ஒரே தட்டு... நிமிர்ந்துவிட்டன. பிறகு படிக்கட்டு. நானும் தாஸும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, பர்வீன் எங்களுக்கு முன்னால், எங்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே இறங்கினாள்.

"கோட்டு கசங்கினா பரவால்ல அங்கிள், கேக்கைப் பாருங்க!" என்று கல்யாணப் பெண்ணின் அப்பாவுக்கே அதட்டல்.

"சார், கீழதானே எறங்கறோம்? ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்றார் தாஸ்.

"கேக்கு தானாவே எறங்கும் தாஸ். அப்படி எறங்கிடக் கூடாதுன்னுதான் நாம பாடுபடறோம்."

ரிசப்ஷனில் கேக் நின்றது. லேசாக ஒரு பக்கம் சாய்ந்தாலும், நின்றது. இரண்டு பேர் பர்வீனின் நம்பர் கேட்டு வந்தார்கள். தேடினோம். கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தாள்.

எழுப்ப மனம் வரவில்லை. அவளிடமிருந்த ஆற்றலெல்லாம் எங்கள் தட்டில் இருந்தது.