பார்வையாளருக்கு அனுமதி இல்லை

சென்ற ஆண்டு சாரல் காலம் முடிந்து, குற்றாலத்தில் கூட்டம் குறைந்திருந்த வேளை. தென்காசியில் எங்கள் குடியிருப்பு நலச்சங்கக் கூடத்தில் பெண்களுக்கான தற்காப்புப் பயிற்சி வகுப்பைத் தொடங்கினோம். சங்கத் தலைவர் என்ற முறையில் ஏற்பாடு முழுவதும் என்னுடையது. பட்டம் பெற்று அரசுப் பணியில் முடி நரைத்தவன் நான். என் சுற்றறிக்கையில் இதுவரை எவரும் குறை கண்டதில்லை.

வகுப்புக்குக் காரணம் என் மருமகள். புளியறையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. காலைப் பேருந்தில் ஒருவன் அவள் இடுப்பில் கை வைத்திருக்கிறான். செங்கோட்டையில் அவன் இறங்கும்வரை அவளால் வாய் திறக்க முடியவில்லை. வேலையை விட்டுவிடு என்றான் என் மகன். பயிற்சி பெறட்டும், பிறகு பார்க்கலாம் என்று நான்தான் அவனைத் தடுத்து வைத்திருந்தேன்.

பயிற்சியாளர், காவல்துறைக் குடும்பத்தில் பிறந்த முப்பது வயதுப் பெண், விதிமுறைகளை எழுதி அனுப்பியிருந்தார். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்; வளையல், கம்மல், கொலுசு கூடாது; தளர்வான உடை வேண்டும்; வயிறு நிறைய உண்டுவிட்டு வரக் கூடாது; உடன் பயில்பவர் தோளைத் தட்டினால் அக்கணமே பிடியை விட வேண்டும். எல்லாவற்றையும் நல்ல தமிழில் செப்பனிட்டு வீடுதோறும் கொடுத்தேன். பார்வையாளருக்கு அனுமதி இல்லை என்ற கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டேன். கூடத்தைக் கட்டியவர்களையே உள்ளே வராதே என்பதா?

முதல் நாள் நிர்வாகக் குழுவினர் நால்வரும் முன்னால் நாற்காலி போட்டு அமர்ந்தோம். முதல் பயிற்சியே கத்துவதுதான். ஒவ்வொருவராக வந்து, "கைய எடு!" என்று கூடம் அதிரச் சொல்ல வேண்டும். வந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் முணுமுணுத்தார்கள். என் மருமகளுக்கு அதுவும் வரவில்லை. அணிந்து வராத துப்பட்டாவைத் தேடி அவள் கை தோளுக்குப் போயிற்று.

"என்னம்மா ஆச்சு?" என்றார் பயிற்சியாளர்.

"மாமா இருக்காவல்லா" என்றாள், தரையைப் பார்த்தபடி.

பயிற்சியாளர் நேரே என்னிடம் வந்தார். "ஐயா, நீங்க இங்கன இருக்க வரைக்கும் இவுகளுக்குச் சத்தம் வராது. கொஞ்சம் வெளிய இருங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பொருளாளர் வேறு, "என்ன அண்ணாச்சி, தலைவரையே வெளிய போவச் சொல்லுதாளே!" என்று ஊதிவிட்டார். நான் எழுந்து, பெரியவர்களை மதிக்கத் தெரியாதவருக்குக் கூடம் கிடையாது, வகுப்பு இன்றோடு முடிந்தது என்று அறிவித்தேன்.

பயிற்சியாளர் தம் பையை எடுக்கப் போனார். பேசியவள் என் மருமகள்.

"மாமா, பஸ்லயும் எனக்குச் சத்தம் வரல. இங்கனயும் வராட்டா, நாளைக்கே வேலைய வேண்டாம்னு எழுதிக் குடுத்துருதேன்."

திருமணமாகி வந்த நாளிலிருந்து என் சொல்லுக்கு அவள் மறுசொல் சொன்னது அதுவே முதல் முறை. அதுவும் அத்தனை பேர் முன்னிலையில்! கோபம் சிறிதும் தணியாமலேதான் வெளியேறினேன். ஆயினும் வகுப்பை நிறுத்தவில்லை. மற்ற மூவரும் பின்னால் வந்தார்கள்.

கதவு சாத்தப்பட்டது. சற்று நேரத்தில் உள்ளிருந்து ஒரு குரல்.

"கைய எடுலே!"

பயிற்சியாளர் சொல்லித் தராத 'லே'யையும் அவளே சேர்த்திருந்தாள். பொருளாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒங்க மருமவளா அண்ணாச்சி இது? அருவிக்கரையில துண்டு விக்கவ மாதிரில்லா கத்துதா!"

"ஆமா, அவதான். இதுல சிரிக்கதுக்கு என்ன வே இருக்கு?" என்றேன்.

நான் பொது இடத்தில் அப்படி இரைந்து பேசுபவன் அல்லன். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு செருப்பைத் தேடலானார். உள்ளே அவள் மீண்டும் கத்தினாள். இம்முறை இன்னும் உரக்க.

குரல் வெளியே கேட்காத மருமகள் என்று உறவினர் வீடுகளிலெல்லாம் அவளைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். இன்றும் அவள் அதே பேருந்தில்தான் புளியறைக்குப் போகிறாள். அந்தக் கயவனை நினைத்தால் எனக்கு இன்னமும் கொதிக்கிறது. ஆனால் அன்று பேருந்தில் அவளுக்குக் குரல் எழாமல் போனதில் எனக்கும் பங்குண்டு என்று எண்ணும்போது, அந்தக் கொதிப்பை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.