கரடிக்கு ஒரு ரிவோல்வர்

கனடாவின் மில்லிக்கனில், வேட்டைக்கும் முகாமுக்கும் வேண்டிய பொருள்கள் விற்கும் கடையில் நிற்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் எனக்கு நாளை ஏரியும் காடும் காட்டுவதாக அத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் கரடிக்கு ஒரு ரிவோல்வர் கிடைக்காவிட்டால் பயணம் இல்லையாம்.

சில வாரங்களாக அவர் பார்ப்பதெல்லாம் அமெரிக்கத் துப்பாக்கிக் காணொளிகள். ரிவோல்வரின் குழல் குட்டையாக இருக்க வேண்டும். காற்சட்டைப் பையில் கிடப்பதே தெரியக்கூடாது. காட்டுக்கும் உதவ வேண்டும், தினமும் வேலைக்கும் கொண்டுபோக வேண்டும். அவர் வேலை செய்வது காப்புறுதி அலுவலகத்தில். தோல் உறையை முன்கூட்டியே வாங்கி, வெறுமையாக இடுப்பில் கட்டியிருக்கிறார்.

“ஊரில துவக்குக்குப் பயந்துதானே அத்தான் இஞ்ச வந்தனீங்கள்?” என்கிறேன்.

“அது மற்றவன்ர கையில இருந்த துவக்கு, மச்சான்.”

விற்பனைப் பெண்ணும் தமிழர். சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்.

“அங்கிள், இஞ்ச கைத்துவக்கு விக்கிறதையே நிப்பாட்டியாச்சு. அதை இடுப்பில செருகிக்கொண்டு திரிஞ்சா பொலிஸ்தான் வரும்.”

“அப்ப கரடி வந்தா?”

“கதைச்சுக்கொண்டே நடவுங்கோ. மனுசச் சத்தம் கேட்டா அது தன்ர பாட்டில விலகிப் போயிடும்.”

“சரி, நாளைக்கு வெளிக்கிடுவம்” என்கிறார் அத்தான், மனமில்லாமல். பிறகு குழலின் நீளம், உலோகத்தின் எடை, அமெரிக்கரின் வீரம், கனடாக்காரரின் கோழைத்தனம் என்று மூச்சுவிடாமல் தொடங்குகிறார். காரில் ஏறிய பின்னும் முடிக்கவில்லை.

நாளை இவரை முன்னால் நடக்க விட்டால் போதும். அந்தக் காட்டில் ஒரு கரடியும் மிஞ்சாது.